குதிரைச் சேணத்தின் சுத்தமும் பாதுகாப்பும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கரையான்சாவடி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வழிப்பிரயாணம் ஞாபகத்துக்கு வரும். சாவடி என்பது வழிப்போக்கர் இறங்கி இளைப்பாறும் இடம். கரையான்சாவடியும் அதற்கடுத்த குமணன்சாவடியும் பூந்தமல்லியை ஒட்டிய ஊர்கள். பூந்தமல்லியோ சென்னையிலிருந்து மேற்கே சுமார் 13 மைல் தூரத்திலுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே பட்டாளத்தின் தாவளமும் இருந்தது. மோட்டார் பஸ் பரவுவதற்கு முன்னால் இந்தச் சாலையில் ஜனங்கள் போக்குவரத்து மாட்டு வண்டியிலும் ஜட்கா வண்டியிலும் நடந்து வந்தது. குதிரை ஒன்றும் வண்டி ஒன்றும் உடையவர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார்.

இன்று அந்தச் சாலையில் ஜட்காவின் இடத்தைப் பஸ்ஸும் ஆட்டோ ரிக்ஷாவும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆயினும் குதிரையினால் பிழைப்பவர்கள் அடியோடு இல்லாமற்போகவில்லை. மெரினா கடற்கரையில் சவாரிக் குதிரைகள் உண்டு. கலியாண ஊர்வலத்துக்குக் குதிரை கொடுப்பவர்கள் உண்டு. பழநியில் குதிரை வண்டிகள் உண்டு. ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாசத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரை வாங்கவும் விற்கவும் பல ஊரார் வருகிறார்கள். ஆகவே, குதிரையின்மேல் பூட்டும் தோல் சாமான்களைச் சுத்தமாக வைத்துக் காப்பாற்றும் வழியைத் தெரிந்துகொள்வது இன்றும் பிரயோஜனமுள்ள காரியமே.

குதிரை வாங்கும்போது அதன் பல்லையும் குளம்பையும் சுழியையும் பார்க்காதவர் இல்லை. சேணத்தை உற்றுப் பார்ப்பவரோ சிலர்தான். இதனால் விளையும் நஷ்டம் எவ்விதமென்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம்.

ஒரு வண்டிக்காரர் சங்கத்தில் கடன் பெற்றுக் குதிரை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். குதிரை நல்லது, கொள்ளுக்கும் புல்லுக்கும் குறைவில்லை. சேணம் மட்டும் பழையது. தினந்தோறும் சாயங்காலம் வண்டியை அவிழ்த்தவுடன், வியர்வையில் ஊறிய வார்களை லாயத்துச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். விடிந்ததும் பார்த்தால் வார்கள் உலர்ந்து பலகைபோல் விறைத்திருக்கும். அவற்றை அப்படியே மறுபடியும் பூட்டுவார். சில மாசத்தில் குதிரையின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் உதிர்ந்தது, பிறகு தோல் சிவந்தது, அதன்பின் புண்ணாயிற்று. புண் ஆறும்வரையில் குதிரை லாயத்திலேயே நின்றது. வரும்படி நின்றது, தீனிச் செலவு நிற்கவில்லை, கடன் தவணையும் தவறிற்று. புண் ஆறி மறுபடி வண்டி பூட்டிய வாரத்தில், ஆட்கள் ஏறியிருக்கும்போதே, லகான் வார் அறுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் நேரவில்லை.

அறுந்த வாரை எடுத்துக்கொண்டு அவர் தோல் தைக்கும் தொழிலாளியிடம் போனார்.

“ஏன் அண்ணே, நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது? ஒரே நாளில் இப்படி அறுந்துவிட்டதே!” என்று கேட்டார்.

“ஒரே நாளிலா? தம்பி, இதை மடித்துப் பார். உள்ளே நார் பொடிப்பொடியாய் உதிர்கிறது. ஆறு மாசமாய் இது அறுந்துகொண்டே வந்திருக்கிறது. நீ பார்த்தது இன்றைக்குத்தான்” என்றார் அந்தத் தொழிலாளி.

இந்தப் பதிலே இன்றைய விஷயத்தின் சாரம். வார் அறுவதும் குதிரைக்குப் புண் வருவதும் திடீரென்று நேரும் விபத்துக்களல்ல. துடைக்காமல் விட்ட ஒவ்வொரு சாயங்காலமும் அவற்றுக்குக் காரணம். அதைத் தடுக்க வேண்டிய செலவோ கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சவுக்காரம், ஒரு கந்தைத் துணி, தினம் கால்மணி நேரம்.

தோலின் தன்மை

ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் அது எப்படி உண்டானதென்று அறிய வேண்டும். மிருகத்தின் பச்சைத் தோல் நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பின்னல். அப்படியே விட்டால் அது அழுகிப்போகும். அழுகாதபடி செய்யும் தொழிலே பதனிடுதல். தென்னாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை நெடுங்காலமாக வழங்கியது. அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து நார்களைப் பற்றிக்கொண்டு அவை கெடாமல் காக்கிறது. இவ்விதம் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல்கள் கப்பலேறி லண்டன் சந்தையில் விலைபோயின. 1903-ம் வருஷத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் புது முறையைப் பரீட்சை செய்யத் தொடங்கினார். பல்லாவரத்துக்குப் பக்கத்திலுள்ள குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அங்கே ஏற்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையினால்தான். 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. இவ்வளவு புதுமை வந்தபோதிலும், கனமும் உறுதியும் வேண்டிய சேண வார்களுக்குப் பெரும்பாலும் பட்டை பதனிட்ட தோலே உபயோகப்பட்டு வருகிறது. கீழே சொல்லப்படும் முறைகள் அந்தத் தோலுக்கு உரியவை.

பதனிட்ட பிறகு தோலுக்கு எண்ணெய் ஊட்டுவது வழக்கம். இந்த எண்ணெய் நாருக்கும் நாருக்கும் இடையில் தங்கி, வளையும்போது ஒன்றோடொன்று உராய்ந்து அறுபடாமல் காக்கிறது. வண்டி அச்சுக்கு மசகு எப்படியோ, தோல் நாருக்கு எண்ணெய் அப்படி. எண்ணெய் வற்றினால் தோல் விறைக்கும்; விறைத்ததை வளைத்தால் வெடிக்கும்; வெடித்த இடத்தில் அறும்.

சேணத்தின் சத்துருக்கள்

முதல் சத்துரு வியர்வை. குதிரையின் வியர்வை அதன் இரத்தத்திலுள்ள நீரைக் காட்டிலும் உப்பு மிகுந்தது. வார் உராயும் இடங்களில் வெள்ளை நுரை கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கலாம். நுரை பொங்கச் செய்யும் ஒரு சத்து அந்த வியர்வையிலேயே கலந்திருக்கிறது. வியர்வை உலர்ந்ததும் உப்பும் அழுக்கும் ரோமமும் சேர்ந்து வாரின் உட்புறத்தில் பொருக்காகப் படிகின்றன. அந்தப் பொருக்கு மறுநாள் குதிரையின் தோலை அரம்போல் அராவுகிறது.

இரண்டாவது சத்துரு வெயிலும் நெருப்பும். நனைந்த வாரைச் சீக்கிரம் உலர்த்துவதாக எண்ணி வெயிலில் போடுவதும் அடுப்பருகில் தொங்கவிடுவதும் பெரும் பிழை. சூட்டினால் நார்கள் சுருங்கி இறுகிவிடும். பிறகு எவ்வளவு எண்ணெய் தடவினாலும் பழைய நிலைமை வராது. கொதிநீரில் கழுவினாலும் இதே கதிதான்.

மூன்றாவது சத்துரு உலோகம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை கூட்டியது முன்னோர் அறிந்த விஷயம். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடினால் கறுப்பு உண்டாகும். துருப்பிடித்த இரும்புப் பக்கிள் ஈரமான வாரில் பட்ட இடம் கறுத்துப்போவதற்கும் அதுவே காரணம். அது வெறும் கறையன்று. அந்த இடத்தில் தோல் நாளடைவில் வலுவிழந்து பொடியும். பித்தளைப் பக்கிளில் வேறு விதமான கெடுதல். தோலிலுள்ள கொழுப்பும் பித்தளையும் கூடிப் பச்சை நிறமான களிம்பு பக்கிளடியில் சேரும். அதைத் துடைத்தெடுக்காவிட்டால் அழுக்கு அங்கேயே தங்கும்.

நான்காவது சத்துரு பூஞ்சணம். இதைப்பற்றி மழைக்காலப் பகுதியில் சொல்லப்படும்.

தினசரி வேலை

சேணத்தைக் கழற்றியவுடன், வியர்வை உலர்வதற்கு முன்பே, சுத்தமான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியினால் எல்லா வார்களையும் துடைக்க வேண்டும். வெளிப்புறம் பளபளப்பது பார்வைக்கு அழகு. உட்புறம் சுத்தமாயிருப்பதே குதிரைக்குச் சுகம். ஆகையால் குதிரையின் உடம்பில் படும் பக்கத்தை முதலில் துடைப்பது முறை. வயிற்றுவார், மார்புப்பட்டை, வாலடி வார் இவை மூன்றும் மிகுதியாக உராய்பவை; இவற்றில் விசேஷ கவனம் வேண்டும்.

கடிவாள இரும்பை அப்போதைக்கப்போதே வெறும் நீரில் கழுவிவிட வேண்டும். எச்சிலும் புல்லும் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மறுநாள் குதிரையின் கடைவாயைக் கிழிக்கும். வாய்க்குள் போகும் இரும்புக்கு உலோகம் துலக்கும் மருந்து எதையும் போடலாகாது.

ஜீனிக்கு அடியில் போடும் நமதாவையோ மெத்தையையோ ஈரத்தோடு மடித்து வைக்கலாகாது. விரித்து உலர்த்தி, ரோமத்தைத் தட்டிவிட்டு வைக்க வேண்டும். தோலை வெயிலில் போடக்கூடாதென்ற விதி துணி மெத்தைக்குப் பொருந்தாது. அதை வெயிலில் போடுவது நல்லதே.

வாரம் ஒருமுறை

வாரத்தில் ஒருநாள் சேணத்தை முழுவதும் பிரிக்க வேண்டும். எல்லாப் பக்கிள்களையும் அவிழ்க்காமல் செய்யும் சுத்தம் சுத்தமாகாது. ஏனெனில் வார் அறுவது பெரும்பாலும் பக்கிளில் மடியும் இடத்திலும் துளையிட்ட இடத்திலுமே.

பிரித்த பின் இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சையோ துணியையோ சேண சவுக்காரத்தில் தேய்த்து, அதைக்கொண்டு தோலைத் துடைக்க வேண்டும். நுரை பொங்கினால் தண்ணீர் அதிகமென்று அர்த்தம். வாரைத் தொட்டியில் ஊறப்போடலாகாது. துணி வெளுக்கும் காரச் சவுக்காரமும், சலவைச் சோடாவும், மண்ணெண்ணெயும் தோலுக்கு ஆகா. காரம் தோலிலுள்ள எண்ணெயையும் பதனிட்ட சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெய் தோலை வறட்டும். குதிரையின் மேல்தோலிலும் எரிச்சல் உண்டாக்கும். தையல் இடுக்குகளிலும் பக்கிளடியிலும் உள்ள களிம்பை மூங்கில் குச்சியில் துணி சுற்றி எடுக்கலாம். கத்தி முனையால் சுரண்டினால் நூல் அறும்.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும்.

எண்ணெய் இடுதல்

எண்ணெய் இடுவதற்கு நாள் கணக்கைவிடத் தோலின் நிலைமையே அளவு. வாரை விரல்மேல் மெதுவாக வளைத்துப் பார்க்கும்போது மேல்புறத்தில் மெல்லிய கோடுகள் தோன்றினால் எண்ணெய் கேட்கிறதென்று அறியலாம். கோடு ஆழ்ந்து நார் தெரிந்தால் அந்த வார் எண்ணெயினால் பிழைக்காது. அதை மாற்றியே தீர வேண்டும்.

எந்த எண்ணெய் உகந்தது? மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுத்து ‘நீட்ஸ்புட்’ என்ற பெயரால் விற்கும் எண்ணெய் சேணத்துக்கென்றே பழக்கத்தில் வந்தது. அது கிடைக்காத இடத்தில் ஆமணக்கெண்ணெய் உதவும். ஆமணக்கெண்ணெய் காற்றுப் பட்டாலும் உலர்ந்து இறுகாது. கெட்டியாயிருப்பதால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சற்று இளக்கித் தடவலாம். ஆளிவிதையெண்ணெய் உலர்ந்து ஓடுபோல் இறுகும் சுபாவமுள்ளது; ஆதலால் கூடாது. நல்லெண்ணெய், கடலையெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் சிக்கு வாடை பிடித்துப் பிசுபிசுக்கும். எறும்பையும் எலியையும் அழைக்கும்.

சுத்தம் செய்த தோலில் சிறிது ஈரம் மிஞ்சியிருக்கும்போதே எண்ணெயைத் துணியில் தொட்டு, உட்புறத்தில் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஈரம் வெளியேறும் அளவுக்கு எண்ணெய் உள்ளே இறங்கும். ஒருநாள் விட்டுப் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு முறை தடவலாம். இறுதியில் உலர்ந்த துணியினால் துடைத்துவிட வேண்டும். அழுக்கின்மேல் எண்ணெய் தடவினால் உப்பையும் புழுதியையும் தோலுக்குள் அடைத்துவைத்ததாகும். மிதமிஞ்சிய எண்ணெயும் கெடுதலே. தோல் தொளதொளத்து நீளும். தையல் நூல் ஊறிக் கெடும். லகான் கையில் வழுக்கும்.

சோதனை

எண்ணெய் இடும் நாளே சோதனை நாளாகவும் இருக்கட்டும். தையல் உள்ள ஒவ்வோர் இடத்தையும் இரு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் அறுந்திருந்தால் அன்றைக்கே தோல் தைப்பவரிடம் கொடுப்பது நலம். ஒரு தையல் விட்டால் அடுத்தது தானே விடும். நீண்ட துளைகள், தேய்ந்த பக்கிள் முள், துருவேறிய வளையம் இவற்றையும் பார்க்க வேண்டும். லகான், வயிற்றுவார், வண்டியை இழுக்கும் வார் இம்மூன்றிலும் ஒட்டுப்போடுவதும் சணல் கயிற்றால் கட்டுவதும் வண்டியிலிருப்பவர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அதே சமயம் குதிரையின் உடம்பையும் பார்க்க வேண்டும். வார் படுமிடத்தில் ரோமம் ஒடிந்திருப்பது, வெள்ளை ரோமம் முளைத்திருப்பது, தொட்டால் குதிரை நெளிவது, வீக்கம் இவையெல்லாம் வாயில்லாப் பிராணி செய்துகொள்ளும் பிராது. புண் ஆறும்வரையில் அவ்விடத்தில் சேணம் படலாகாது. மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். 1903-ல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் வேப்பேரியில் நடந்து வருகிறது.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை மாசங்களில் இந்தப் பக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அப்போது உபயோகமின்றித் தொங்கும் தோலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூஞ்சணம் படரும். கண்டவுடன் சாமானை வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியினால் துடைக்க வேண்டும். அந்தத் துணியை மற்றச் சாமான்களில் படவிடலாகாது. பிறகு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடைத்து, காற்றில் உலர்த்தி, சவுக்காரத்தால் சுத்தம் செய்து, கடைசியாகச் சிறிது எண்ணெய் இடலாம். பூஞ்சணத்தின்மேலேயே எண்ணெய் தடவுவது அதை வளர்ப்பதாகும்.

சேணத்தை லாயத்துக்குள் வைப்பது நல்லதன்று. மூத்திரத்திலிருந்து எழும் காரவாயு தோலுக்கும் ஆகாது, பக்கிளுக்கும் ஆகாது. வேறோர் அறையில், சுவரைத் தொடாமல், உருண்டையான மரக்கட்டைமேல் மாட்டினால் வார் ஓரிடத்தில் மடிந்து ஒடியாது. தூசிக்குப் பழந்துணி போர்த்தலாம். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பெருகும். உப்பு ருசிக்கு எலி வருமாதலால் தரையில் குவிக்கலாகாது.

சட்டமும் சங்கமும்

இது தயையை மாத்திரம் பொறுத்த விஷயமன்று. பிராணிகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க இந்தியாவில் 1890-லேயே ஒரு சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 1960-ல் புதுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1965-ல் ஏற்பட்ட விதிகள், வண்டியிழுக்கும் பிராணிகளுக்கும் பொதி சுமக்கும் பிராணிகளுக்கும் உரியவை. முள்ளும் முண்டும் கொண்டு காயப்படுத்தும் கடிவாளத்தையும் சேணத்தையும் அவை தடுக்கின்றன. குதிரையின் தோளுக்கு மேலுள்ள முதுகெலும்பு மேட்டில் சேணம் நேரே அழுந்தாமல் இடைவெளி இருக்க வேண்டுமென்றும் சொல்லுகின்றன. பொருக்குக் கட்டி விறைத்த வாரும் முள் வைத்த வாரும் குதிரைக்கு வேறு வேறாகத் தோன்றா.

இதில் சங்கம் செய்யக்கூடியது யாது? திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-ல் கிராமத்தார் கூடி ஒரு கடன் சங்கம் அமைத்தபோது, தனியொருவரால் ஆகாதது பலர் கூடினால் ஆகுமென்பதே அவர்கள் கொண்ட நம்பிக்கை. சேணத்துக்கும் அது பொருந்தும். குதிரை வைத்திருக்கும் அங்கத்தினர் நாலைந்து பேர் சேர்ந்து எண்ணெயும் சவுக்காரமும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். மாசத்துக்கு ஒருநாள் தோல் தைக்கும் தொழிலாளியைச் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்து எல்லோருடைய சேணத்தையும் பார்க்கச் சொல்லலாம். அவருக்கும் நிச்சயமான வேலை கிடைக்கும். குதிரைக்குக் கடன் கொடுக்கும் பஞ்சாயத்தார் குதிரையோடு சேணத்தையும் பார்வையிட்டு, தேவையானால் புது வாருக்கும் சேர்த்தே கடன் கொடுப்பது விவேகம். அறுந்த வாரினால் தவறும் தவணை சங்கத்துக்கும் நஷ்டமே.

மேற்சொன்ன வண்டிக்காரர் புது லகான் வாங்கியதோடு நில்லாமல், அன்று சாயங்காலமே ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு உட்காருவாரானால், அவருடைய குதிரையும் பிழைக்கும், கடனும் அடையும். குதிரை வைத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் இன்று வீட்டுக்குப் போனவுடன் வயிற்றுவாரை எடுத்து அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். அங்கே விரலுக்கு உறுத்துவது எதுவோ, அதுவே நாளை குதிரைக்கும் உறுத்தும்.